எஸ்டேட் என்றால் தோட்டம் மட்டும்தானா?

சொற்பட்டியல் என்றொரு நோய் நம் தமிழ்ப்பள்ளிகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலப் பாடத்துக்கென்று ஒரு தாள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் தமிழிலோ மலாயிலோ ஒரே ஒரு சொல். நடுவே ஒரு சமக்குறி. நாளுக்குப் பத்துச் சொல், வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல். பிள்ளை பத்துக்குப் பத்து வாங்கிவிட்டால் ஆசிரியருக்கும் மகிழ்ச்சி, பெற்றோருக்கும் மகிழ்ச்சி. 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது, இந்தத் தாள் மட்டும் அகலவில்லை.

அந்தச் சமக்குறி பொய் சொல்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. அது ஏதோ இலக்கண நுணுக்கம் பற்றிய பொய்யென்றால் விட்டுவிடலாம். நம் மக்களின் வீட்டையும் சொத்தையும் பள்ளியையும் தொடுகின்ற பொய் என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சொல் போதும். லாபுவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்: எஸ்டேட். தாளில் இப்படி இருக்கிறது: எஸ்டேட் = தோட்டம். முடிந்தது பாடம்.

ஒரு சொல், பல முகம்

ஆங்கிலத்தில் இச்சொல் எத்தனை பொருள்களைச் சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, நமக்குத் தெரிந்த தோட்டம். கித்தா மரமும் செம்பனையும், லயமும் பெரட்டும், கங்காணியும் கிராணியும் இருந்த இடம். தமிழகத்தில் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்புறம் இருப்பது, அல்லது கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்துக்கு அப்பெயரைப் பொருத்தி அதன் பொருளை விரித்தவர்கள் மலாயாவுக்கும் இலங்கைக்கும் வந்த நம் முன்னோர்கள்.

இரண்டாவது, இறந்தவர் விட்டுச் சென்ற மொத்தச் சொத்து. வீடு, நிலம், வங்கிப் பணம், வண்டி, கடன் எல்லாம் சேர்ந்தது. ஒரு செடிகூட இல்லாதவருக்கும் இந்தப் பொருளில் எஸ்டேட் உண்டு.

மூன்றாவது, வீடமைப்புப் பகுதி. மலாயில் தாமான் என்கிறோம். நான்காவது, தொழிற்பேட்டை. சென்னையின் கிண்டித் தொழிற்பேட்டை இந்தப் பொருளில்தான் ஓர் எஸ்டேட். ஐந்தாவது, முன்னால் 'ரியல்' சேர்த்துச் சொல்லப்படும் நிலமனைகளும் அவற்றை வாங்கி விற்கும் தொழிலும்.

ஆறாவது, மற்ற எல்லாவற்றுக்கும் மூத்தது. மனிதர் சமுதாயத்தில் நிற்கும் நிலை, தகுதி, படிநிலை. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்பு பிரான்சு நாட்டு மக்கள் மூன்று எஸ்டேட்டுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். சமயக் குருமார் முதலாவது, பிரபுக்கள் இரண்டாவது, ஏனைய அனைவரும் மூன்றாவது. உழவனும் வணிகனும் வழக்கறிஞனும் அந்த மூன்றாவதில்தான் அடக்கம். செய்தித்துறைக்கு வழங்கும் 'நான்காவது எஸ்டேட்' என்ற பட்டமும் இந்தப் படிநிலைக் கணக்கைத் தொடர்ந்து வந்தது. நாமோ அதை 'நான்காவது தூண்' ஆக்கிவிட்டு, சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை என்ற மூன்று தூண்களுக்கு அடுத்ததாக எண்ணிக்கொள்கிறோம். தூண் கணக்கு வேறு. எஸ்டேட் கணக்கு வேறு.

இத்தனைக்கும் வேர் ஒன்றே. 'நிற்றல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து 'நிலை' என்னும் பெயர் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிற்கும் நிலை, அந்த நிலையைத் தாங்கும் உடைமை, அந்த உடைமையாகிய நிலம் என்று பொருள் விரிந்தது. தமிழில் நில், நிலை, நிலம் என்று சொற்கள் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் இந்த விரிவு எளிதில் மனத்தில் பதியும். (உடனே, எஸ்டேட் தமிழிலிருந்து போன சொல் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இரு மொழிகள் ஒரே வழியில் எண்ணியிருக்கின்றன, அவ்வளவே.)

தெரியாமற்போனால் என்ன ஆகும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் வங்கிக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கடிதத்தில் கணவரின் பெயருக்கு முன்னால் எஸ்டேட் என்று இருந்தது. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகன் அதைப் படித்துவிட்டு, "அப்பா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று கேட்கிறார்கள் அம்மா" என்று விளக்கியிருக்கிறான். அந்த அம்மையார் தாம் பிறந்த தோட்டம், கணவர் பிறந்த தோட்டம், இருவரும் வேலை செய்த தோட்டம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். வங்கி கேட்டதோ, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதற்கான ஆவணம்.

அந்தப் பையன் மக்கு அல்லன். நாம் கொடுத்த சமக்குறியை அவன் உண்மை என்று நம்பினான்.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரைச் சொற்பட்டியல் கணக்கில் மொழிபெயர்த்தால் 'சிறு தோட்டங்கள் பங்கீட்டுச் சட்டம்' என்று வரும். சிறு தோட்டக்காரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கும் சட்டம் போலிருக்கிறதே என்று ஒருவர் எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில், உயில் எழுதாமல் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தில் நிலமும் இருந்து, அதன் மதிப்பு சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருந்தால், வாரிசுகள் உயர்நீதிமன்றம் வரை போகாமல் நில அலுவலக வழியாகவே பங்கிட்டுக்கொள்ள வகை செய்வது அச்சட்டம். மலாயில் ஹர்த்தா பூசாக்கா என்று தெளிவாகச் சொல்கிறார்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீட்டுமனைகள் நம்மவரிடையே எத்தனை! பெயர் மாற்றாமல் இரண்டு தலைமுறை கழிந்து, பங்காளிகள் பெருகி, கையொப்பமிட வேண்டியவர்களில் பாதிப்பேர் மறைந்துபோன பிறகு அலைவோர் எத்தனை! இதற்கெல்லாம் சொற்பட்டியல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதவின்மேல் எழுதியிருக்கும் சொல்லை நம் பிள்ளைக்கு வேறு பொருளில் மட்டுமே கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று சொல்கிறேன்.

இன்னொரு சட்டத்தில் அதே சொல் வேறு முகம் காட்டுகிறது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு, 40 எக்டருக்குக் குறையாத தொடர்ச்சியான வேளாண் நிலத்தைத் தோட்ட நிலம் என்கிறது. ஏறத்தாழ 99 ஏக்கர். அத்தகைய நிலத்தைக் கைமாற்றவோ பிரிக்கவோ தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. இந்தக் காப்பு ஏன் வந்தது? 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலை நம் பாட்டன்மார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்க, தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தது அந்தக் காலத்தில்தான். ஆகவே, எஸ்டேட் எது, எது எஸ்டேட் ஆகாது என்ற கேள்வி நம் சமுதாயத்துக்கு ஒருநாளும் வெறும் சொற்பொருள் கேள்வியாக இருந்ததில்லை.

லாபு சொல்லும் பாடம்

லாபு என்றால் மலாயில் பூசணி. ஊர்ப் பெயருக்கே இரு பொருள். சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையில், இரயில் பாதையோரம் உள்ள இந்த ஊரின் நிலம் கித்தாவுக்கும் பிறகு செம்பனைக்கும் பெயர்பெற்றது. லாபு தோட்டத்தின் முதலாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று பிரிவு எண்ணையே பெயரில் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் நம்மிடம் உள்ளன. நகரத்துப் பிள்ளைக்கு 'டிவிசன்' என்றால் கணக்கில் வகுத்தல். தோட்டத்துப் பிள்ளைக்கு அது பாட்டி வீடு இருந்த இடம். இதையும் எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

இந்த மண்ணின் அண்மைக்கால வரலாற்றைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மலிவுக் கட்டண விமான நிலையம் லாபுவில் வரப்போகிறது என்று நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. சில வாரங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் சிப்பாங்கில் கட்டப்பட்ட புதிய முனையம் 2014 மே மாதம் திறக்கப்பட்டது. அடுத்து, கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக இரயிலின் சிரம்பான் நிலையத்துக்கு லாபு இடமாகக் குறிக்கப்பட்டது. அந்த ஒப்பந்தம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு காலாவதியானது. 2018இல் மலேசிய விஷன் வேலி 2.0 என்னும் பெருந்திட்டம் நெகிரி செம்பிலானில் அறிவிக்கப்பட்டது. நீலாய், லாபு, போர்ட்டிக்சன் என்று அதன் பரப்பு விரிகிறது.

இதற்கிடையில் 2017 நவம்பரில் சைம் டார்பி குழுமம் மூன்றாகப் பிரிந்தது. தோட்டங்களை நடத்துவது ஒரு நிறுவனம். நில மேம்பாட்டையும் வீடமைப்பையும் கவனிப்பது இன்னொரு நிறுவனம். மற்றத் தொழில்கள் மூன்றாவது. தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. எஸ்டேட் என்னும் சொல்லின் முதற்பொருளும் ஐந்தாம் பொருளும் இவ்வாறு தனித்தனி நிறுவனங்களாகப் பங்குச்சந்தையில் நிற்கின்றன. முதலீட்டாளருக்கு அந்த வேறுபாடு தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும். தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்தவரின் பேரப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? நிலம் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாறும்போதுதான் கோயில் எங்கே போகும், சுடுகாடு எங்கே போகும், பள்ளிக்கு எத்தனை ஏக்கர் என்ற கேள்விகள் எழுகின்றன. அந்தக் கேள்விகளைக் கேட்கும் கூட்டத்தில் பேசப்படும் மொழியைப் புரிந்துகொள்ள ஒருவராவது வேண்டாமா?

பள்ளியின் கதையும் இதுதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று முதலாளிகளைப் பணித்தது. பள்ளி தோட்டத்தின் நிலத்தில் எழுந்தது. விடுதலைக்குப் பிறகும் நிலம் தோட்டத்துக்கே உரியதாக இருந்ததால் பெரும்பாலானவை பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே நீடித்தன. தனியார் நிலம் என்ற காரணத்தால் நாட்டுப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன என்பதும் நெடுங்காலக் குறை. 1957இல் எண்ணூற்றுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். இன்று பல பள்ளிகள் வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங்' என்பதைச் சுமக்கின்றன. சுற்றிலும் எஸ்டேட்டின் மூன்றாம் பொருள், பலகையில் முதற்பொருள்.

ஆறாவது பொருளும் நம்மை விட்டுவைக்கவில்லை. "எஸ்டேட் பையன்", "எஸ்டேட் பேச்சு" என்று நம்மவரே நம்மவரை இகழ்வதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அங்கே அந்தச் சொல் இடத்தையா குறிக்கிறது? படிநிலையைக் குறிக்கிறது. இலங்கைக் குடிமதிப்பில் நகரம், நாட்டுப்புறம், தோட்டம் என்று மூன்று பிரிவுகள் உண்டு. தோட்டத்தில் வாழ்பவர் நகரத்தாரும் அல்லர், நாட்டுப்புறத்தாரும் அல்லர், மூன்றாவது வகை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்கள், பின்னர் 'தோட்டத் தமிழர்' என்ற பெயரை ஒதுக்கி 'மலையகத் தமிழர்' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஒரு சொல் தங்கள் தகுதிக்கு வேலி போடுகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

எப்படிக் கற்பிப்பது?

"இத்தனையையும் நான்காம் ஆண்டுப் பிள்ளையின் தலையில் கொட்டச் சொல்கிறீர்களா?" என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். இல்லை. கொட்டுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

நம் பிள்ளைக்குப் பல பொருள் ஒரு சொல் புதிதல்ல. கால் என்றால் உடலின் உறுப்பும் உண்டு, நான்கில் ஒரு பங்கும் உண்டு. படி என்றால் ஏறுவதும் உண்டு, அளப்பதும் உண்டு, படிக்கச் சொல்லும் ஏவலும் உண்டு. ஏழு வயதில் இவற்றைக் குழப்பமின்றிக் கையாளும் பிள்ளை, ஆங்கிலத்துக்கு வந்தவுடன் ஒரு பொருளுக்குமேல் தாங்காது என்று யார் சொன்னது?

இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பல பொருள் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்தார்: வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது. முதல் வகையின் பொருளை வினையும் இனமும் சார்பும் காட்டிக்கொடுக்கும் என்றார். மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. மா வீழ்ந்தது என்றாலோ இரண்டுக்கும் பொருந்தும். அங்கே எந்த மா என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்லியாக வேண்டும். சூடாமணி நிகண்டு தன் பதினோராம் தொகுதி முழுவதையும் பல பொருள் ஒரு சொல்லுக்கே ஒதுக்கியது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அவர்கள் மனப்பாடம் செய்த பட்டியலில்கூட ஒரு சொல்லுக்கு எதிரே பல பொருள் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதை எஸ்டேட்டுக்குப் பொருத்துங்கள். முதலில் வினை: அதில் பால் மரம் வெட்டினார்களா, வீடு வாங்கினார்களா, அதைப் பங்கிட்டார்களா? அடுத்து இனம்: பக்கத்தில் எந்தச் சொற்கள் நிற்கின்றன? உயிலும் வழக்கறிஞரும் நின்றால் ஒன்று. நிர்வாகியும் செம்பனையும் நின்றால் வேறொன்று. பிறகு சார்பு: இது எங்கே அச்சாகியிருக்கிறது? வீட்டு விளம்பரத்திலா, வழக்கு அறிவிப்பிலா, வரலாற்று நூலிலா?

வினை வேறுபடாத இடமும் உண்டு. "அப்பா எஸ்டேட்டை விட்டுப் போனார்" என்று லாபுவில் சொன்னால், தோட்டத்திலிருந்து வெளியேறிப் பட்டணம் போனார் என்று பொருள். அதையே வாரிசு வழக்கில் சொன்னால், சொத்தை விட்டுவிட்டு இறந்தார் என்று பொருள். இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் கொடுத்துப் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். நாற்பது சொல் கொண்ட தாள் கற்பிக்காததை அது கற்பிக்கும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும், தமிழ் குறுக்கே வந்தால் குழப்பம் என்போர் உள்ளனர். நம் பிள்ளைகளிடம் மூன்று மொழிகள் இருக்கின்றன. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருப்பதை மலாய், லாடாங், தாமான் பெருமாஹான், ஹர்த்தானா, ஹர்த்தா பூசாக்கா என்று பிரித்து வைத்திருக்கிறது. தமிழும் தோட்டம், வீடமைப்புப் பகுதி, நிலமனை, இறந்தார் சொத்து என்று பிரிக்கிறது. ஒரு மொழி மட்டும் தெரிந்தவன் காணாத வேறுபாட்டை நம் பிள்ளை காண முடியும். இந்தச் செல்வத்தை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு யாருக்கு நன்மை? 2018 முதல் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த வெளிநாட்டு ஆங்கிலப் பாடநூல்களில் உள்ள ஊரும் வீடும் நம் பிள்ளை அறிந்தவை அல்ல. அறியாத ஊரின் சொல்லை அறிந்த மொழியால்தான் பிடிக்க முடியும்.

மறுபக்கம், என்னைப் போலத் தமிழ்ப்பற்றுள்ள நண்பர்கள், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் நிறுவிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அதுவும் அதே சமக்குறிதான், தமிழ் ஆடை உடுத்தியிருக்கிறது. ஆறு பொருளுள்ள சொல்லுக்கு ஆறு தமிழ்ச்சொற்கள் வேண்டும். அவை எங்கெங்கே பொருந்தும் என்ற அறிவும் வேண்டும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, வாரத்துக்கு ஐம்பது சொல் வேண்டாம். ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வாக்கியம், இரண்டு பொருள். பிள்ளையே நாளிதழிலோ அறிவிப்புப் பலகையிலோ மூன்றாவதைத் தேடிக்கொண்டு வரட்டும்.

பெற்றோர்களே, சொற்பட்டியல் தாளில் கையொப்பம் இடுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சொல்லை வேறு எங்கே பார்த்திருக்கிறாய்?" உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய தேவை இல்லை. வீட்டிலுள்ள வங்கிக் கடிதம், மின்கட்டணச் சீட்டு, நில வரி இரசீது ஆகியவற்றை எடுத்து வைத்து, அதில் ஒரு சொல்லைக் காட்டி அவன் சொல்வதைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் மறுநாள் வகுப்புக்கு எடுத்து வரட்டும். அதற்கு விடை சொல்லும் கடமை எங்களுடையது.